பழைய கேமரா எந்த மாதத்தில் விலை இறங்கும்? கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். கானாடுகாத்தானில் உள்ள எங்கள் அப்பத்தா வீட்டைப் பங்காளிகள் வைகாசியில் பிரித்து, மரத்தையெல்லாம் விற்கப் போகிறார்கள். நிலைக்கு மேலே செதுக்கிய கஜலட்சுமி, வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள பர்மா தேக்குத் தூண்கள், எல்லாவற்றையும் அதற்குள் நல்ல படமாக எடுத்துவிட வேண்டும். உள்ளறைகளில் வெளிச்சம் கம்மி, செல்போன் சரிப்படவில்லை. நிக்கான் டி750 பழையதாகத் தேடுகிறேன்.

ஈபே என்ற வெளிநாட்டு இணையச் சந்தையில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டினால் ஏலம் எவ்வளவில் முடிந்தது என்று தெரிகிறது. ஆனால் கடைசி 90 நாள் விலைதான் கிடைக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முன் கேட்பவர்கள் அதிகம், ஜனவரியில் இறங்கும் என்கிறார்கள். அது எவ்வளவு இறங்கும்? அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் அந்த லாபம் நிற்குமா?

நம் ஊர்க் கணக்கு வேறு. மார்கழியில் கல்யாணம் இல்லை; தை பிறந்தால் முகூர்த்தம் வரிசைகட்டும், போட்டோகிராபர்களும் கேமரா தேடுவார்கள். அதனால் இங்கே வாங்குவதானால் மார்கழியே தோது என்று நினைக்கிறேன். கல்யாண வேலை செய்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஈபேயில் விற்பனைக் கணக்கு உள்ளவர்கள் அதன் பழைய விற்பனை விலைகளைக் காட்டும் டெராபீக் கருவியில் போன வருட டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி விலைகளைப் பார்த்துச் சொல்ல முடியுமா? டி750-இன் ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை) 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. கல்யாணத்தில் ஓடிய கேமராவில் எத்தனை வரை ஓடியிருந்தால் துணிந்து வாங்கலாம்?