கீரை ஏன் முளைக்கல?

*ஞாயிறு*

*சித்தப்பா, காலை 7:12:* (புகைப்படம்) அம்மா போட்ட கீரைப்பாத்தியப் பாருங்க. பன்னெண்டு நாளாச்சு, அங்கொண்ணு இங்கொண்ணுதான் தலை காட்டுது. விதைக்கடையில ஏமாத்திட்டாங்க.

*அத்தை, 7:20:* அதே பொட்டலத்துல பாதிய நான் தஞ்சாவூருக்கு எடுத்துட்டு வந்தேனே அண்ணே. மாடித்தொட்டியில நாலாம் நாளே முளைச்சிருச்சு. விதையில குத்தமில்ல.

*நான், 7:31:* சித்தப்பா, பாத்தி மேல பரப்பியிருக்கிறது என்ன எலை?

*சித்தப்பா, 7:33:* தைல மரத்து எலை. ஈரம் காக்கட்டும்னு ரெண்டு சாக்கு அள்ளியாந்து மூடாக்கு போட்டேன். வைக்கோல் விக்கிற வெலைக்கு வேற என்ன செய்ய?

*நான், 7:41:* எனக்கு அந்த எலை மேலதான் சந்தேகம். அதுல சினியோல்னு ஒரு எண்ணெய் இருக்கு, தைல வாசமே அதுதான். கூடவே பீனாலிக் அமிலங்கள்னு முளைப்பத் தடுக்கிற பொருளுங்க. தண்ணி விட விட அதெல்லாம் கரைஞ்சு மண்ணுல எறங்கும். கீரை மாதிரி பொடி விதைக்குள்ள சாப்பாட்டுக் கையிருப்பு கம்மி, தாங்காது. ஒரு செடி இப்படி இன்னொண்ண அமுக்குறதுக்கு அல்லெலோபதின்னு 1937ல பேரு வச்சவர் ஹான்ஸ் மோலிஷ்ங்கிற தாவரவியல் விஞ்ஞானி.

*அத்தை, 8:05:* அம்மா குரல் பதிவு அனுப்பிருக்காங்க, காது கேக்காதவங்களுக்காக எழுதுறேன்: "தைலங்காட்டுக்குள்ள புல்லு அண்டாதுன்னு ஆடு மேய்க்கிறவளுக்கெல்லாம் தெரியுமே. சோளம் அறுத்த கொல்லையில ஒடனே எள்ளு போடாதன்னு ஒங்கப்பா சொல்லுவாரு."

*நான், 8:14:* அப்பத்தா, ரெண்டும் ஒரே சங்கதிதான்! சோளத்தோட வேர்த்தூவி நுனியில பொன்னிறமா பொட்டுப் பொட்டா ஒரு எண்ணெய் கசியும். சோர்கோலியோன்னு பேரு. பக்கத்துல முளைக்கிற பொடிச் செடியோட ஒளிச்சேர்க்கையையே அது தடுத்துரும். சோளத்தட்டை மக்குறப்ப மண்ணுல உள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கும், அதுவும் சேர்ந்துதான் எள்ளு நோஞ்சானா வருது.

*சித்தப்பா, 8:20:* சரிம்மா, எலைதான் காரணம்னு எப்படிச் சொல்ற?

*நான், 8:26:* ரெண்டு தட்டு எடுங்க. பழைய வேட்டித்துணிய மடிச்சுப் போட்டு, தட்டுக்கு இருவது விதை. ஒண்ணுக்கு வெறும் தண்ணி. இன்னொண்ணுக்கு, ஒரு கைப்பிடி எலைய ஒரு டம்ளர் தண்ணியில ராத்திரி ஊறப்போட்டு வடிச்ச தண்ணி. ரெண்டும் ஒரே எடத்துல இருக்கணும், காயவிடாதீங்க.

*வியாழன்*

*சித்தப்பா, மாலை 5:48:* (2 புகைப்படங்கள்) வெறும் தண்ணியில 17. எலைத்தண்ணியில 5. அந்த அஞ்சையும் பாரு. நல்ல தட்டுல வேர் வெள்ளை நூலாட்டம் ஒரு விரக்கடை ஓடியிருக்கு. இதுல எள்ளளவுக்கு நிக்குது, நுனி பழுப்பேறிக் கெடக்கு. கடைக்காரரத் திட்டுனது தப்புதான்.

*நான், 6:02:* வேர்தான் மொதல்ல அடி வாங்கும் சித்தப்பா. ஒண்ணு மட்டும், தட்டுல இருந்தது கெட்டித் தண்ணி. மண்ணுல நுண்ணுயிர் அதைச் சிதைக்கும், அதனால பாத்தியில இவ்வளவு வீரியம் இருக்காது. மெழுகுப் பூச்சுள்ள காஞ்ச எலை தண்ணிய சரியா எறங்கவிடாம செஞ்சிருக்கலாம். ரெண்டும் சேர்ந்துதான்னு நெனைக்கிறேன்.

*மாமா, 6:10:* அப்ப களையக் கொல்ல இதையே தெளிக்கலாமேம்மா?

*நான், 6:19:* அந்த யோசனையில பொறந்த மருந்தே இருக்கு மாமா. பார்க்குல செவப்பு பிரஷ் மாதிரி பூக்குமே, பாட்டில் பிரஷ் மரம். அதுக்கு அடியில களை கம்மியா இருக்கிறத 1977ல கலிஃபோர்னியாவுல ஒருத்தர் கவனிச்சார். அதுல கிடைச்ச லெப்டோஸ்பெர்மோன்ங்கிற பொருள் வழியா வந்ததுதான் மக்காச்சோளத்துக்கு அடிக்கிற மெசோட்ரியோன்ங்கிற களைக்கொல்லி. ஆனா நம்ம எலைத்தண்ணி களை எது கீரை எதுன்னு பாக்காது, வேண்டாம்.

*சித்தப்பா, 6:24:* பாத்திய இப்ப என்ன பண்ண?

*நான், 6:30:* எலைய முழுசா வழிச்சுச் சாணியோட மக்குக்குழியில போடுங்க, பல மாசம் கெடக்கட்டும். பாத்திக்கு ரெண்டு மூணு தடவை நெறையத் தண்ணி விட்டு வடிய விடுங்க. மக்குன எரு கலந்து ரெண்டு மூணு வாரம் ஆறப்போடுங்க. மொத்தமா விதைக்காம ஒரு ஓரத்துல மொதல்ல தூவிப் பாருங்க.

*அத்தை, 7:15:* அம்மா: "எலைய அப்பவே வழிச்சுட்டேன். கெழக்கோரமா ஒரு சாண் எடம் விட்டு வச்சிருக்கேன். எரு ஆறுனதும் பத்து விதை தூவிட்டுச் சொல்றேன், எம் பேத்திகிட்ட."