எந்தப் படம் எந்த ஆப்பில்? ஒரே இடத்தில் தேட வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் நான்கு ஓடிடி சந்தா இருக்கிறது. ஆனாலும் படம் பார்க்க உட்கார்ந்தால் தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடுகிறது. நேற்று இரவு அம்மா ஒரு பழைய படத்தைக் கேட்டார். ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு எழுத்தாக, நான்கு ஆப்பிலும் பெயரை அடித்தேன். மூன்றில் இல்லை. நான்காவதில் போஸ்டர் வந்தது, உள்ளே போனால் தனியாக வாடகை கட்டச் சொன்னது. திரும்பிப் பார்த்தால் அம்மா சோபாவிலேயே தூங்கிவிட்டார். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

எந்தப் படம் எந்த ஓடிடியில் இருக்கிறது என்று தேடிக் காட்டும் ஜஸ்ட்வாட்ச் ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். இருக்கும் நாட்டையும் நம்மிடம் உள்ள சந்தாக்களையும் குறித்துவிட்டால், படம் சந்தாவிலேயே வருகிறதா, வாடகைக்கா, விலைக்கா என்று பிரித்துக் காட்டுகிறது. நல்ல விஷயம். நாட்டைச் சரியாகக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஒளிபரப்பு உரிமையைப் பெரும்பாலும் நாட்டுக்கு நாடு தனியாக, குறிப்பிட்ட காலத்துக்குத்தான் விற்கிறார்கள். காலம் முடிந்தால் படம் வேறு ஆப்புக்குப் போய்விடும். நான் சேர்த்துவைத்த பட்டியலிலேயே சில படங்கள் இப்படிக் காணாமல் போயின.

எனக்குப் பெரிய தலைவலி எழுத்துதான். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ழகரத்தை ஒருவர் ஒரு மாதிரி எழுதுகிறார், இன்னொருவர் வேறு மாதிரி. ஓர் எழுத்து மாறினாலும் சில ஆப்பில் படம் வருவதில்லை. தமிழிலேயே அடித்துத் தேடினால் ஒழுங்காகக் கிடைக்கும் ஆப் எது? அப்புறம், டிவியில் குரலில் கேட்டால் எல்லா ஆப்பையும் சேர்த்துத் தேடும் ஸ்டிக் அல்லது பெட்டி யாராவது பயன்படுத்துகிறீர்களா? அம்மா தானாகவே கேட்டுப் பார்க்கும் அளவுக்கு எளிதாக இருந்தால் போதும்.