கச்சான் காற்றில் ஒரு வாரப் பயிற்சி

ஒக்டோபரில் ஓடவிருக்கும் என் முதலாவது மரதனுக்காக, ஜூன் மாதத்தில் திருகோணமலையில் செய்த ஒரு வாரப் பயிற்சியைப் பற்றி எழுதுகிறேன். அந்த வாரத்துக்கு அட்டவணையில் 58 கிலோமீற்றர் குறித்திருந்தேன். ஓடியது 33 மட்டுமே. ஆயினும் நான்கு மாதப் பயிற்சியில் மிக அதிகமாகக் கற்றுக்கொண்ட வாரம் அதுதான். எங்கள் கரையோரத்தில் ஓடுகின்ற, குறிப்பாக வேலை முடிந்த பின் மாலையில் ஓடுகின்ற சகோதரிகளுக்கும் சகோதரர்களுக்கும் இது பயன்படக் கூடும்.

முன்கதை ஒன்றைச் சொல்லவேண்டும். நான் ஓர் ஆசிரியை, வயது 41. அந்த வாரத்துக்கு முன்னர் மூன்று வாரங்கள் ஒரு பயிற்சி நெறிக்காக நுவரெலியாவில் தங்கியிருந்தேன். கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலேயுள்ள அந்த ஊரில், தூறலிலும் குளிரிலும் காலை வேளைகளில் ஓடியபோது, கிலோமீற்றருக்கு ஆறு நிமிடம் என்ற வேகம் எனக்கு மூச்சிரைக்காமலே வந்தது. அந்த வேகத்தையே என் இயல்பான வேகம் என்று மனத்தில் எழுதிக்கொண்டு ஊருக்கு இறங்கினேன். உடல் வெப்பத்துக்குப் பழகுவதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை எடுக்கும் என்பதும், அந்தப் பழக்கம் குளிரான இடத்தில் சில வாரங்கள் இருந்தாலே கரைந்துவிடும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. உவர்மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு வெயில் என்ன புதிதா என்றே எண்ணினேன்.

திங்கட்கிழமை ஏழு கிலோமீற்றர் ஓடினேன்; சொல்வதற்கு அதிகமில்லை. செவ்வாய் அதிகாலை மக்கெய்சர் விளையாட்டரங்கில் சுற்றுகள் ஓடினேன். ஓடுவதற்கு முன்னும் பின்னும் உடல் நிறையை அளந்து பார்த்தேன். ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் ஓடியதில் 1.4 கிலோகிராம் குறைந்திருந்தது. இடையில் குடித்த 300 மில்லிலீற்றர் தண்ணீரையும் சேர்த்தால், மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை லீற்றர் வியர்வை போயிருக்கிறது. நாடித் துடிப்போ நுவரெலியாவில் அதே வேகத்தில் இருந்ததைவிட இருபதுக்கும் மேலாகக் கூடியிருந்தது. தோலைக் குளிர்விக்க அனுப்பும் குருதியையும் தசைகளுக்கு அனுப்பும் குருதியையும் ஒரே இதயம்தான் தள்ள வேண்டும். வியர்த்து நீர் குறையக் குறைய, அது இன்னும் விரைவாகத் துடித்தே ஈடுசெய்கிறது. அந்த எண்ணைப் பார்த்த அன்றே வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். நான் குறைக்கவில்லை.

புதன்கிழமை பாடசாலை முடிந்து, வீட்டு வேலைகளையும் முடித்து, மாலை நான்கரைக்குப் புறப்பட்டேன். கண்டி வீதியில் நாலாம் கட்டை வரை போய்த் திரும்புவது திட்டம். அன்று பகல் முழுவதும் கச்சான் வீசிக்கொண்டிருந்தது. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: இங்கே கச்சான் என்பது நிலக்கடலையை மட்டும் குறிக்காது; தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் உலர்ந்த சுடுகாற்றையும் அப்படித்தான் அழைக்கிறோம். அந்தக் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் தன் ஈரத்தை மழையாகக் கொட்டிவிட்டு, கிழக்குப் பக்கமாக இறங்கும்போது அமுங்கிச் சூடேறி எங்களிடம் வந்து சேர்கிறது. நுவரெலியாவில் தூறலாக என் முகத்தில் விழுந்த அதே காற்றுத்தான், ஒரு வாரம் கழித்து இங்கே புழுதியோடு எதிரே வந்தது என்று இப்போது நினைக்கும்போது வியப்பாக இருக்கிறது.

போகும்போது காற்று எதிரே அடித்தது. வியர்வை தோலில் நிற்காமல் உடனுக்குடன் காய்ந்ததால், உடம்பு குளிர்வது போலவும், நான் அதிகம் வியர்க்காதது போலவும் தோன்றியது. கைகளில் உப்புப் படிந்து வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்தும் அதன் பொருளை உணரவில்லை. இடுப்பில் இருந்த அரை லீற்றர்ப் போத்தலில் பாதியைக்கூடக் குடிக்கவில்லை. நாலாம் கட்டையில் திரும்பியதும் நிலைமை மாறியது. இப்போது காற்று முதுகுப் பக்கம். நான் ஓடும் வேகமும் காற்றின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டதால், என்னைச் சுற்றியிருந்த காற்று அசையாமல் நின்றது போலாகிவிட்டது. மூடிய அறைக்குள் ஓடுவது போன்ற புழுக்கம். பின்காற்று கால்களுக்கு உதவி செய்யும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் வெப்பத்தைப் பொறுத்தவரை அதுதான் என்னைக் கவிழ்த்தது. மாலையில் இந்த வீதியில் ஓடுபவர்கள் இதை மனத்திற் கொள்ள வேண்டுகிறேன்.

பாலையூற்றை நெருங்கும்போது கைகளில் மயிர் குத்திட்டு நின்றது. அந்த வெக்கையிலே குளிர் எடுத்தது. தலை இலேசாகி, வீதியோரக் கல்லொன்று இரண்டாகத் தெரிந்தது. அதன் பிறகும் கைக்கடிகாரத்தில் வேகம் குறையாமல் இருக்கவேண்டும் என்று இருநூறு மீற்றராவது ஓடியிருப்பேன். பூட்டியிருந்த ஒரு கடையின் விறாந்தையில் நான் எப்படி உட்கார்ந்தேன் என்பது இன்றுவரை நினைவில் இல்லை.

மோட்டார் சைக்கிளின் பின்னால் ரெஜிபோம் பெட்டி கட்டிக்கொண்டு சீனன்குடாப் பக்கமிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர்தான் முதலில் நிறுத்தினார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். "இருங்க தங்கச்சி, எழும்பாதீங்க" என்றார். வீடு எங்கே என்று கேட்டார். உவர்மலை என்றேன், எந்த ஒழுங்கை என்று கேட்டபோது எனக்குச் சொல்ல வரவில்லை. கைப்பேசியைத் திறக்கும் இலக்கமும் மறந்துவிட்டது. அதைக் கண்டதும் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பெட்டிக்குள் எஞ்சியிருந்த ஐசை ஒரு துவாயில் அள்ளிச் சுற்றி, என் கழுத்திலும் அக்குள்களிலும் வைத்துக்கொள்ளச் சொன்னார். தலைக்கவசத்தைக் கவிழ்த்து என் கால்களை அதன்மேல் உயர்த்தி வைத்தார். பக்கத்து வீட்டு அம்மா ஒருவரைக் கூப்பிட்டு, தலையிலிருந்து பாதம் வரை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றச் செய்து, தான் ஒரு மட்டை அட்டையால் விசிறிக்கொண்டு நின்றார். மீன் வாடை கலந்த அந்த ஐஸ் நீர் என் கழுத்தில் வழிந்தபோது ஏற்பட்ட ஆறுதலை என்னால் எழுத்தில் சொல்ல முடியவில்லை.

வெப்பத்தால் வீழ்ந்தவரை முதலில் குளிர வைக்க வேண்டும், அதன் பின்னரே வேறிடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் உலகெங்கும் சொல்லப்படும் விதி. உடலின் உள் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டி, அதனோடு புத்தித் தடுமாற்றமும் சேர்ந்தால், ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கும் உறுப்புகளுக்கும் கணக்காகிறது. அவர் இந்த விதியைப் படித்தவரல்ல. சிறுபோக அறுவடை நாளொன்றில் தம் மச்சான் வயலில் விழுந்ததையும், முச்சக்கரவண்டி தேடி ஓடியதில் நேரம் போய்விட்டதையும் கண்டவர் என்று பின்னர் சொன்னார். பத்து நிமிடத்துக்குள் எனக்கு ஒழுங்கையின் பெயரும் கணவரின் இலக்கமும் நினைவுக்கு வந்தன.

அன்றிரவு பார்த்த வைத்தியர், வெப்பத் தாக்கின் வாசல்வரை போய் வந்திருக்கிறீர்கள் என்றார். இரண்டு நாள் முழு ஓய்வும், அதன்பின் நடையிலிருந்து தொடங்குவதும் அவருடைய கட்டளை. தண்ணீர் குறைவாகக் குடித்ததற்காக இனி லீற்றர் கணக்கில் குடிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அவர் அதையும் தடுத்தார். வெறும் தண்ணீரை அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் குருதியில் சோடியம் குறைந்து அதுவும் ஆளை வீழ்த்தும். பின்னர் தேடிப் படித்தேன்: 2002 ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனின் முடிவில் குருதிப் பரிசோதனை செய்யப்பட்ட 488 பேரில் 13 வீதமானோருக்கு அந்தக் குறைபாடு இருந்ததாம். நாம் நம்பியிருக்கும் இளநீரிலும் பொட்டாசியம் நிறைய உண்டே தவிர, வியர்வையோடு போகும் சோடியத்தை ஈடுசெய்ய அது போதாது. இப்போது நீண்ட ஓட்டங்களுக்கு, ஒரு லீற்றர் நீரில் ஒரு பைக்கற் என்ற சரியான அளவில் ஜீவனி என்ற உப்பும் சர்க்கரையும் கலந்த தூளைக் கரைத்துக் கொண்டுபோகிறேன். இளநீரை ஓட்டம் முடிந்து, உப்பிட்ட கஞ்சியோடு குடிக்கிறேன்.

வியாழனும் வெள்ளியும் படுத்திருந்தபோது இன்னொன்றையும் படித்தேன். 2019 செப்டெம்பரில் டோகாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மரதனை, வெப்பத்துக்கு அஞ்சி நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்படியிருந்தும் புறப்பட்ட 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. வென்ற கென்ய வீராங்கனையின் நேரம் 2 மணி 32 நிமிடம் 43 வினாடி. அவரே அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் 2 மணி 17 நிமிடம் 8 வினாடியில் ஓடியவர். உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரி வெப்பத்துக்காகப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் விட்டுக்கொடுத்திருக்கும்போது, கிலோமீற்றருக்கு அரை நிமிடத்தை விட்டுக்கொடுக்க நான் மறுத்திருக்கிறேன். குளிர்நாட்டவர்களுக்காக எழுதப்பட்ட அட்டவணை ஒன்றை அப்படியே எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். வெள்ளியன்று அதிலிருந்த வேகங்களை எல்லாம் வெட்டிவிட்டு, நிமிடங்களையும் நாடித் துடிப்பின் எல்லையையும் மட்டும் எழுதினேன்.

சனிக்கிழமை அதிகாலை நான்கேகாலுக்கு நிலாவெளி வீதியில் நடக்கப் போனேன். கணவர் சைக்கிளில் விளக்குடன் பின்னால் வந்தார். சாம்பல்தீவுக்கு இப்பால், இருட்டுக்குள்ளிருந்து முதலில் அரோகரா ஓசை கேட்டது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள். காவித்துணியும் தலையில் மூட்டையும் வெறுங்காலுமாக ஏறக்குறைய முப்பது பேர். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவோடு கொஞ்சத் தூரம் திரும்பி நடந்தேன். இந்த வெயிலில் எப்படி நடக்கிறீர்கள் என்று கேட்டேன். "நாங்கள் வெயிலுக்குள்ள நடக்கிறதில்லை, பிள்ளை. விடியப்புறம் மூன்று மணிக்கு வெளிக்கிட்டு, ஒன்பதுக்குள்ள ஒரு கோயிலடியில இருந்திடுவம். பிறகு வெயில் சாஞ்சாப் போலதான்" என்றார். முதல் வாரம் குறைவாகவே நடப்பார்களாம். கால் பழகப் பழகத் தூரம் கூடுமாம். வெப்பத்துக்கு உடலைப் பழக்குவது பற்றி நான் இரண்டு நாள் படித்ததெல்லாம் அந்த ஒரே பேச்சில் அடங்கியிருந்தது. அவர் நடந்த வேகத்தில் நடக்க எனக்குச் சற்றுச் சிரமமாகவே இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

ஞாயிறன்று விடியுமுன் ஆறு கிலோமீற்றர் மட்டும் ஓடினேன், பத்து நிமிடம் ஓடுவதும் இரண்டு நிமிடம் நடப்பதுமாக. உட்துறைமுக வீதியும் டச் பே கடற்கரையும் கோட்டை வாசலும் என் வீட்டிலிருந்து தூரமில்லை என்பதால், ஏதாவது பிசகினால் உடனே திரும்பலாம் என்று அந்த வழியைத் தேர்ந்தெடுத்தேன். நாடித் துடிப்பு எல்லையைத் தாண்டவில்லை. கிலோமீற்றருக்கு ஏழு நிமிடத்துக்கும் மேல் ஆனது. கோட்டைக்குள் மரத்தடியில் படுத்திருந்த மான்கள் நான் கடந்து போனபோது எழும்பக்கூட இல்லை.

அன்று பின்னேரம், தோய்த்து மடித்த துவாயைக் கொடுப்பதற்காக அந்த மீன் வியாபாரியைத் தேடிச் சந்தைப் பக்கம் போனேன். ஐசுக்கென்று நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை. ஒரு கிலோ பாரை வாங்கினேன், அதற்கும் விலையைக் குறைத்தே எடுத்தார். மீனை வெட்டிக்கொண்டே, இப்போது எத்தனை மணிக்கு ஓடுகிறீர்கள் என்று கேட்டார்.

"நாலரைக்கு, அண்ணன்" என்றேன்.

கத்தியை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"விடிய நாலரைக்கு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மீனை வெட்டத் தொடங்கினார்.