ஈழத்தலரியிலும் ஜெரேனியத்திலும் துரு நோய்: எங்கள் அனுபவங்கள்

தாம்பரத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் தரையில் வளர்ந்த ஈழத்தலரி (புளூமேரியா) மரங்களும் மொட்டைமாடியில் தொட்டிக் கன்றுகளும் இருக்கின்றன. இரண்டிலும் மழைக்காலம்தோறும் துரு நோய் வருவதால், அதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இலையின் மேற்புறத்தில் மங்கலான மஞ்சள் புள்ளிகள் தோன்றும். இதைச் சத்துக் குறைபாடு என்று எண்ணி உரம் வைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இலையைத் திருப்பிப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் நேர் அடியில் ஆரஞ்சு நிறக் கொப்புளங்கள் இருக்கும். விரலால் தேய்த்தால் மஞ்சள்தூள் பட்டதுபோல் நிறம் ஒட்டிக்கொள்ளும். புள்ளிகள் பெருகப் பெருக அவை ஒன்றுசேர்ந்து பழுப்பாகி, இலை சுருண்டு, உதிர வேண்டிய காலத்துக்கு முன்பே உதிர்ந்துவிடும். கோலியோஸ்போரியம் புளூமேரியே என்ற பூசணமே இதற்குக் காரணம். கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவிலிருந்து 1902-ஆம் ஆண்டில் முதலில் பதிவான இந்தப் பூசணம், இன்று ஈழத்தலரி வளரும் வெப்ப நாடுகள் பலவற்றிலும் பரவியிருக்கிறது.

துருப் பூசணம் உயிருள்ள இலையில் மட்டுமே வளரக்கூடியது. அதன் வித்துகள் காற்றிலும் மழைத்துளியின் தெறிப்பிலும் பரவி, இலைமேல் சில மணி நேரம் ஈரம் தங்கியிருந்தால் முளைத்து உள்ளே புகுந்துவிடும். ஆகவே வித்துகளின் எண்ணிக்கையைக் குறைப்பதும், இலை நனைந்திருக்கும் நேரத்தைக் குறைப்பதும்தான் தடுப்பு முறையின் அடிப்படை. நான் தண்ணீரைக் காலையில், வேர்ப்பகுதியில் மட்டும் ஊற்றுகிறேன். மாலையில் குழாயைப் பிடித்து இலைமேல் பீய்ச்சினால் அந்த ஈரம் இரவு முழுவதும் காயாமல் இருந்து, பூசணத்துக்கு வேண்டிய சூழலை நாமே அமைத்துக் கொடுத்ததாகிவிடும். ஒன்றோடொன்று உரசி நிற்கும் கிளைகளைக் கவாத்து செய்து காற்றோட்டம் உண்டாக்கினாலே நோயின் வேகம் கண்கூடாகக் குறைகிறது. வெட்டும்போது வடியும் பால் தோலில் எரிச்சல் உண்டாக்கும் என்பதால் கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

உதிர்ந்த இலைகளை அன்றன்றே கூட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துவதை எந்த மருந்தைவிடவும் மேலாக மதிக்கிறேன். வீட்டு மட்குத் தொட்டி போதுமான அளவு சூடாவதில்லை. அதனால் அந்த இலைகளை அதில் போடுவதில்லை. நோய் தொடங்கும்போது, அடிப்பகுதியில் ஒன்றிரண்டு இலைகளில் மட்டும் கொப்புளம் இருந்தால், காற்றில்லாத வேளையில் அவற்றை மெதுவாகக் கிள்ளி எடுத்துவிடுவது நல்லது. ஆனால் மரம் முழுவதும் பரவிய பிறகு எல்லா இலைகளையும் உருவிவிடக் கூடாது. மரத்தின் வலிமை குன்றிவிடும்.

மருந்தைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். பூசண நோய் என்று பொதுவாகச் சொன்னால் கடைகளில் பெரும்பாலும் கார்பன்டசிம் எடுத்துத் தருகிறார்கள். மற்ற பல பூசணங்களுக்கு அது நல்ல மருந்துதான். துருப் பூசணங்களை அது பெரும்பாலும் கட்டுப்படுத்துவதில்லை. எங்கள் தெருவில் ஒருவர் பருவம் முழுவதும் அதையே தெளித்தும் பயனின்றி, மரத்தையே வெட்டிவிடும் முடிவுக்கு வந்துவிட்டார். துருவுக்கென்று கேட்டு வாங்க வேண்டியவை வேறு. நனையும் கந்தகத் தூளையோ மான்கோசெப் மருந்தையோ லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் வீதம் கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்கலாம். இவை வரும்முன் காக்கும் மருந்துகள். கொப்புளங்கள் வந்துவிட்ட பிறகு, இலைக்குள் ஊடுருவிச் செயல்படும் புரோபிகோனசோல் 25 ஈ.சி. (25 விழுக்காடு மருந்துள்ள, நீரில் கலக்கும் திரவம்) லிட்டருக்கு 1 மி.லி. உதவும். ஆனால் அடிக்கடி தெளித்தால் தளிர்கள் குறுகிப்போவதும், பூசணம் எதிர்ப்புத்திறன் பெறுவதும் உண்டு என்பதால், மான்கோசெப்போடு மாற்றி மாற்றியே பயன்படுத்த வேண்டும். கடும் வெயிலில் கந்தகம் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரங்களுக்குள்ளும் கந்தகத்தைத் தொடவே கூடாது. முகக்கவசம் அணிவதும், மருந்துப் பொதியின் மேல் ஒட்டிய சீட்டில் உள்ள அளவை மீறாதிருப்பதும் கட்டாயம்.

என் சொந்தக் கருத்து என்னவென்றால், தரையில் வளர்ந்த பெரிய மரத்துக்கு மருந்தே வேண்டாம். இந்நோயால் அது சாவதில்லை. தை, மாசியில் எப்படியும் இலையுதிர்த்து, கோடையில் புது இலை விடும். மருந்தைத் தொட்டியில் உள்ள இளங்கன்றுகளுக்கும், புதிதாக வேர்விடும் போத்துகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். இலைநுனி உருண்டிருக்கும் வெள்ளைப் பூ வகையில் எங்கள் வீட்டில் நோய் மிகக் குறைவாகவே வருகிறது. புதிதாக நடுபவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கோத்தகிரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா எழுதிய எல்லாம் எங்கள் மலைக்கும் பொருந்துகிறது. செடி மட்டும் வேறு. இங்கே வீட்டு முகப்பெங்கும் ஜெரேனியம் தொட்டிகள் இருப்பதால் எங்கள் தலைவலி ஜெரேனியத் துருதான். இலையின் அடியில் பழுப்புக் கொப்புளம் ஒன்று தோன்றி, அதைச் சுற்றி வட்டமாக மேலும் பல கொப்புளங்கள் எழும்பும். வட்டத்துக்குள் வட்டமாக அமையும் அந்த அடையாளத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி தவறவிட மாட்டார்கள்.

எங்கள் அனுபவத்தில் இது பெரும்பாலும் வாங்கிவரும் செடியோடும், நண்பர்கள் அன்பாகக் கொடுக்கும் தண்டுகளோடும்தான் வீட்டுக்குள் வருகிறது. நோய் உள்ளே புகுந்து கொப்புளம் வெளிப்படும்வரை இலை முற்றிலும் நலமாகவே தோன்றும். ஆகவே புதுத் தொட்டி எதுவானாலும் மூன்று வாரங்களாவது மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்து, இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே வரிசையில் சேர்க்கிறோம். மூடுபனி நாட்களில் தொட்டிகளைக் கூரைக்கு அடியில் நகர்த்தி இடைவெளி விட்டு வைப்பதும் பெரிதும் உதவுகிறது. கொடிபோல் தொங்கும் ஐவி இலை ஜெரேனியத்தை இந்தத் துரு தாக்கி நான் பார்த்ததில்லை; அதனால் மழை விழும் ஓரங்களில் அதையே வைத்திருக்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் ஈழத்தலரி இலையின் அடியில், துருப் பொடிக்கு நடுவே, அதே ஆரஞ்சு நிறத்தில் மிகச் சிறிய புழுக்கள் நெளிவதைக் கண்டேன். இவைதான் இலையைக் கெடுக்கின்றனவா? பூச்சிக்கொல்லி தெளிக்க வேண்டுமா என்று ஐயா தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

தாம்பரத்து உறுப்பினரின் மறுமொழி:

தயவுசெய்து பூச்சிக்கொல்லி தெளிக்க வேண்டாம், அம்மா. அவை பெரும்பாலும் மைக்கோடிப்ளோசிஸ் என்னும் சிற்றீயின் புழுக்களாக இருக்கும். அவற்றின் உணவே துருப் பூசணத்தின் வித்துகள்தான். உண்ட வித்துகளாலேயே அந்த நிறம் வருகிறது. நோயை அவை முழுமையாக அடக்கிவிடாது என்றாலும் இலைக்குக் கேடு எதுவும் செய்வதில்லை. உங்கள் மரம் தரையில் இருந்தால் அவற்றை அப்படியே விட்டுவிட்டு, உதிரும் இலைகளை மட்டும் அகற்றிவாருங்கள். தொட்டிக் கன்றாக இருந்து, புதுத் தளிரிலும் கொப்புளம் ஏறியிருந்தால், படத்தைப் பதிவிடுங்கள்; பார்த்துவிட்டு மருந்து தேவையா என்று சொல்கிறேன்.