கல்லிச்சி போன்சாய்: கீழ்க்கிளை துளிர்க்கலை, வயரும் பட்டைக்குள்ள இறங்கிடுச்சு. கண்காட்சிக்கு 6 வாரம்தான்

கோவை_இச்சி:
வணக்கம். கோவையில ஒரு போன்சாய் க்ளப்ல 4 வருஷமா இருக்கேன். ஜனவரி கடைசியில கண்காட்சி. முதல் தடவையா என் மரத்தையும் வைக்கச் சொல்லியிருக்காங்க.

மரம் கல்லிச்சி, அதாவது ஃபைகஸ் மைக்ரோகார்பா. 9 வருஷமா வளர்க்கிறேன். உயரம் 45 செ.மீ. கிளையை வளைச்சு வடிவம் கொடுக்க ஆகஸ்ட்ல எல்லாக் கிளைக்கும் அலுமினிய வயர் சுத்தினேன். இலை சின்னதா வரணும்னு நவம்பர் கடைசியில மொத்த இலையையும் கழிச்சுட்டேன், காம்பை மட்டும் விட்டு. இன்னையோட 3 வாரம். உச்சியில துளிர் விரிஞ்சாச்சு. இடப்பக்கம் முதல் கிளை மட்டும் மொட்டையா நிக்குது. மரத்தோட அழகே அந்தக் கிளைதான்.

அதே கிளையில வயர் பாதி புதைஞ்சு கிடக்கு. ரெண்டு பக்கமும் பட்டை உதடு மாதிரி மேலே ஏறியிருக்கு. கிளை போயிடுச்சா? வயரை எப்படி எடுக்கறது? ரெண்டு நாளா தூக்கமே வரலை.

மொட்டைமாடி_மதுரை:
முதல்ல உயிர் இருக்கான்னு பாருங்க. நுனியில நகத்தால லேசா கீறுங்க. உள்ளே பழுப்பா காஞ்சிருந்தா ஒரு விரக்கடை அடிப்பக்கம் வந்து மறுபடியும் கீறுங்க. பச்சையா, ஈரமா இருந்து பால் கசிஞ்சா அங்கிருந்து உயிர் இருக்குன்னு அர்த்தம்.

வயரைச் சுத்தி அவிழ்க்காதீங்க, பட்டையோட உரிஞ்சு வந்துடும். ஒவ்வொரு சுத்தையும் கட்டரால தனித்தனியா வெட்டி, துண்டு துண்டா நிமிர்த்தி எடுங்க. பால் வழிஞ்சா தண்ணி தெளிங்க, நின்னுடும்.

சேலம்_தொட்டி:
கிளை உயிரோட இருந்தா அப்படியே வைக்கலாமே? டோக்கியோவில 1934ல ஆரம்பிச்ச கொக்குஃபு போன்சாய் கண்காட்சி பிப்ரவரியிலதான் நடக்குது. அங்க மொட்டைக் கிளையோட நிக்கற மரங்களைத்தானே எல்லாரும் நின்னு ரசிக்கறாங்க?

பழைய_உறுப்பினர்:
தம்பி, அங்க மொட்டையா நிக்கறது மேப்பிள் மாதிரி குளிர்காலத்துல தானா இலை உதிர்க்கிற மரம். அது அதோட ஓய்வு. கல்லிச்சி வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கற மரம். அதுல ஒரு கிளை மட்டும் வெறுமையா இருந்தா பார்க்கறவங்களுக்கு அது நோவுதான்.

கோவைத் தம்பிக்கு: ரெண்டு விஷயம் தப்பாப் போயிருக்கு. இலை கழிக்கிற வேலையை வெயில் காலத்துல செய்யணும். சித்திரை, வைகாசியில இச்சி சட்டுனு துளிர்த்துடும். மார்கழி பக்கத்துல வரும்போது கழிச்சா மரம் தயங்கும். ரெண்டாவது, எல்லாக் கிளைக்கும் ஒரே பலம் கிடையாது. மரத்தோட வேகமெல்லாம் உச்சிக்குத்தான் போகும். பலமான மேல்கிளையில மட்டும் கழிச்சு, கீழ்க்கிளையில இலையைத் தொடாம விட்டிருந்தா, வேகம் கீழே இறங்கியிருக்கும். நோஞ்சான் கிளையை முழுசா மொட்டையடிச்சா இச்சி அந்தக் கிளையையே கைவிட்டுடும். நானும் அப்படி ஒரு கிளையை இழந்திருக்கேன், அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

இப்போ மேலே வர்ற துளிரையெல்லாம் ரெண்டு இலையோட கிள்ளுங்க. கீழ்க்கிளையில எது வந்தாலும் கிள்ளாதீங்க, நீளமா ஓடட்டும். அந்தப் பக்கத்தை வெயிலுக்குத் திருப்பி வைங்க. தண்ணி ஊத்தறதுல கவனமா இருங்க: இலை இல்லாத மரம் கொஞ்சமாத்தான் குடிக்கும். பழைய கணக்குல தினம் ஊத்தினா வேர் அழுகிடும், மேல்மண் காஞ்ச பிறகு ஊத்துங்க. புது இலை முத்தற வரைக்கும் உரம் வேண்டாம். தொட்டி மாத்தவும் வேண்டாம்.

வயர் விஷயம், இச்சி வேகமாப் பெருக்கும். ஆகஸ்ட்ல சுத்தினதை செப்டம்பர்லயே திருப்பிப் பார்த்திருக்கணும்.

இந்த வருஷம் இந்த மரத்தை வைக்காதீங்க. வேற மரம் இருக்கா?

கோவை_இச்சி:
அம்மா, ரொம்ப நன்றி. கீறிப் பார்த்தேன். நுனியில 4 செ.மீ. காஞ்சிருக்கு. அதுக்கு அடியில பச்சை. கீறின இடத்துல கடுகளவு பால் திரண்டு நின்னுச்சு. அதைப் பார்த்ததும் அழுகையே வந்துடுச்சு. வயரை 11 துண்டா வெட்டி எடுத்தேன். கிளையைச் சுத்திப் படிக்கட்டு மாதிரி தடம் இருக்கு. அது மறையுமா?

முன்னை மரம் ஒண்ணு போன்சாயா இருக்கு, வயர் இல்லாம நல்லா இலையோட இருக்கு. அதைத் தயார் பண்ண என்ன செய்யணும்?

பழைய_உறுப்பினர்:
தடம் மறையும், கிளை பெருக்கப் பெருக்க. வருஷக்கணக்கு ஆகும். காஞ்ச நுனியை இப்போ வெட்டாதீங்க, துளிர் வந்தப்புறம் பார்த்துக்கலாம்.

முன்னை கண்காட்சிக்கு நல்ல மரம். தொட்டி விளிம்புல போர்த் தண்ணி உப்பு வெள்ளையாப் படிஞ்சிருக்கும். வினிகர் தொட்டுப் பழைய பல் பிரஷால தேய்ங்க, மண்ணுல சொட்டாம. இப்போ நிழல் சுவத்துல பாசி நல்லா இருக்கும். சின்னச் சின்னதா எடுத்து மண்ணு மேல ஒட்டுங்க, வேர் பரவுற இடத்தை மூடாம. தொட்டியை வைக்கற பலகை, தொட்டியை விடக் கொஞ்சம் அகலமா இருக்கட்டும். நிக்கறவங்க கண்ணுக்கு நேரா மரத்தோட நடுப்பகுதி வர்ற மாதிரி உயரம் வைங்க. உச்சி பார்க்கறவங்க பக்கம் லேசாச் சாயணும். மரத்துக்குத் துணையா பக்கத்துல ஒரு சின்னக் கிண்ணத்துல வல்லாரை வெச்சா போதும்.

மொட்டைமாடி_மதுரை:
முன்னையோட படம் போடுங்க, பார்க்கறவங்க பக்கம் திருப்பி வைக்கிற ஃப்ரண்ட் எதுன்னு சேர்ந்து பார்க்கலாம்.

கோவை_இச்சி:
ராத்திரி போடறேன். இன்னிக்குக் காலையில கீழ்க்கிளையோட அடியில, வயர் தடத்துக்கு ஒட்டினாப்பல, ஊசிமுனை மாதிரி பச்சையா ரெண்டு மொட்டு. தொட்டியைக் கிழக்கே திருப்பி வெச்சுட்டேன்.