மறக்க முடியாத டென்ட் ராத்திரி எது? பேரனை எங்கே கூட்டிப்போகலாம்?

பெரம்பூர்த் தாத்தா:
பரணைச் சுத்தம் பண்ணும்போது பழைய டென்ட் பை அகப்பட்டது. எட்டு முளையில் ஐந்துதான் மிச்சம். எட்டு வயசுப் பேரன் பார்த்துவிட்டான், ரெண்டு நாளாக அதை ஹாலில் பாதி நிறுத்தி, சாப்பாடே அதற்குள்தான்.

எனக்கு 63 வயசு. முப்பது வருஷமாகச் சுற்றியதில் அடிக்கடி ஞாபகம் வருவது இமாசலப் பிரதேசத்து ஸ்பிதியில் சந்திரதால் ஏரி, 4,250 மீட்டர் உயரம். ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் டென்ட் போட்டோம். அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், சோறு வேகாது. குக்கர் கொண்டுபோகாத மூணு தமிழர்கள் ஒன்றரை மணி நேரம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்து, கடைசியில் நடுவில் அரிசியாகவே இருந்ததை ஊறுகாயோடு மென்றோம். ஏரி நீலமாக இருந்தது, அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது. அந்தச் சோறுதான் இன்னும் பல்லில் நிற்கிறது.

உங்களுக்கு அப்படி எந்த இடம்? சென்னையிலிருந்து ஒரு ராத்திரி பேரனோடு போய்வரத் தோதாக இருந்தால் ரொம்ப நல்லது. ரிசார்ட் வேண்டாம்.

வேளச்சேரி வெள்ளம்:
நாகலாபுரம், சார். ஆந்திரப் பக்கம், இங்கிருந்து ரெண்டு மூணு மணி நேரம். காலேஜ் முடித்த வருஷம், அக்டோபர். ஓடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான், பக்கத்தில் மெத்தை மாதிரி மணல், அங்கேயே டென்ட் அடித்தோம். எங்களை முட்டாள் என்று சொல்ல அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. எங்களுக்கு மேல் ஒரு துளி மழை கிடையாது. மேலே எங்கேயோ பெய்திருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு முதுகுக்கடியில் தார்ப்பாய் தண்ணீர்ப்படுக்கை மாதிரி ஆடியது, டார்ச் அடித்தால் பழுப்புத் தண்ணீரில் சருகும் குச்சியுமாக வருகிறது, அதில் என் இடதுகால் ஷூ மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. டென்டைப் பிடுங்கிப் பாறைமேல் ஏறி விடியும்வரை குத்தவைத்து உட்கார்ந்திருந்தோம். காலில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் இறங்கினேன். தண்ணீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் யோசிக்கவே யோசிக்காதீர்கள், மேலே ஏறிவிடுங்கள். குழந்தையோடு அங்கே வேண்டாம்.

மாம்பலம் மாமி:
டென்ட் இல்லை, ஷெட். கணக்கில் வருமா? கேரளாவில் அகஸ்தியர்கூடம் மலைக்குப் போகிற வழியில் அதிருமலை. உச்சி 1,868 மீட்டர். பெண்களுக்கு அந்த வழி 2019-ல்தான் திறந்தது, அதுவும் கோர்ட் உத்தரவுக்கு அப்புறம். நான் அடுத்த வருஷமே போய்விட்டேன். சாயங்காலம் ஷெட் வாசலில் உட்கார்ந்து சாக்ஸிலிருந்து அட்டைகளை எண்ணி எண்ணி உப்புப் போட்டோம், எனக்கு பதினொன்று. ராத்திரி கீழே மூங்கில் முறியும் சத்தம். யானைதான் என்றார் காவலர், சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்! நாங்கள்தான் கொட்டக் கொட்ட விழித்திருந்தோம். உங்கள் பேரனுக்கு இன்னும் பத்து வருஷம் போகட்டும்.

தாம்பரம் லோக்கல்:
ஐயா, ஜவ்வாது மலை போங்கள். ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர் வரும், 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறதே, அந்த ஊர். சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவார்கள், எதற்கும் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அதைத் தாண்டி ஒரு கிராமத்தில் கேட்டுக்கொண்டு ஒரு வீட்டுக் களத்தில் டென்ட் போட்டோம். அந்த வீட்டு அம்மா சாமைச் சோறும் காரக் குழம்பும் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்று ஒரே சண்டை. ராத்திரி அவர்கள் நாய் வந்து டென்டுக்கு வெளியே என் முதுகில் சாய்ந்து படுத்தது, நடுவில் துணி மட்டும். நான் புரண்டால் அதுவும் புரண்டது. டிசம்பரில் மேகமாக இருக்கும், ஜனவரி கடைசியில் அமாவாசையை ஒட்டிப் போங்கள். வானத்தில் கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று பேரனை எண்ணச் சொல்லுங்கள், எனக்கு ஆறு, என் பெண்ணுக்கு எட்டு. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

குரோம்பேட்டை குமரன்:
ஒன்று மட்டும். 2018 மார்ச் 11 தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்ததை மறக்காதீர்கள். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் தங்கவே கூடாது, கோடையில் நினைக்கவும் வேண்டாம். வனத்துறையே 2024-ல் 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்திருக்கிறது, பகல் நடைக்கு அது போதும். தங்குவதற்குத் தாம்பரத்துக்காரர் சொன்ன களம்தான் சரி.

பெரம்பூர்த் தாத்தா:
ஜவ்வாது மலையே முடிவு. மூணு முளை வாங்க வேண்டும். வீட்டம்மாவிடம் சொன்னேன், களத்தில் பாத்ரூம் இருக்கிறதா என்று கேட்கிறாள். தாம்பரம், இருக்கிறதா?

தாம்பரம் லோக்கல்:
இருக்கிறது ஐயா. தாழ்ப்பாள்தான் இல்லை, பாடிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.