புதுப்பிப்பு: சான் போர்ஹா மிஷனுக்கு ஜீப் குழுவோடு

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் உள்ள சான் போர்ஹா மிஷனுக்கு (கத்தோலிக்கத் துறவிகளின் பழைய மதப்பரப்பு மையம்) போகும் பயணத்துக்கு எவ்வளவு பெட்ரோல், டயரில் எவ்வளவு காற்று என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

எல் ரொசாரியோ ஊரை விட்டால் கெரேரோ நீக்ரோ ஊரை நெருங்கும்வரை 300 கி.மீ.க்கு மேல் நம்பி இருக்கும்படி பங்க் இல்லை. டேங்க் நிரப்பி, கூடவே 20 லிட்டர் கேன். மண்பாதை வந்ததும் டயர் காற்றை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 20க்கு இறக்குங்கள். இல்லாவிட்டால் அலையலையான மேடுகளில் ஷாக் அப்சார்பர் சூடேறி எண்ணெய் கசியும். அதற்கும் கீழே போனால் டயரின் பக்கவாட்டு பிதுங்கி, கூர்கல் கிழிக்கும். பக்கவாட்டில் பஞ்சர் ஒட்டு நிற்காது, ஸ்டெப்னிதான். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றடிக்க கம்ப்ரசர் அவசியம். மெக்சிகோ காப்பீடு தனியாக எடுக்கணும்.

சான் போர்ஹா, 1762இல் ஜெசுயிட்கள் என்ற கத்தோலிக்கத் துறவிகள் தொடங்கிய மிஷன். கற்கோயிலை 1801இல் முடித்தவர்கள் டொமினிக்கன்கள் என்ற வேறொரு துறவியர் சபையினர். பக்கத்திலுள்ள பழைய பச்சைமண் செங்கல் சுவர்கள் தொட்டாலே உதிரும். தயவுசெய்து சாயாதீர்கள்.